பதினைந்து நாள் அரிசி

நம் கரையின் கதை – 17

சென்ற இதழில் வந்த, போர்த்துக்கேயருக்கு எதிரான குஞ்ஞாலி மரைக்காயர்களின் கடற்போரைப் படித்துவிட்டு ஒருவர் என்னைத் தேநீர்க் கடையில் பிடித்துக்கொண்டார். அறுபதைத் தாண்டிய விவசாயி. வீடு மருதமுனையில், வயல் சம்மாந்துறைக்கு மேற்கே.

"சேர், குறை நினைக்காதீங்க. ஒளிச்சு நிண்டு அடிச்சிட்டு ஓடுறதுக்குப் பேரு சண்டையா? நேருக்கு நேர நிண்டு மோதுறவன்தானே ஆம்புள?"

அதற்குப் பதில் சொல்லாமல், "உங்கட வட்டைக்கு யானை எத்தின மணிக்கு வரும்?" என்று கேட்டேன்.

"நல்ல கேள்வி. அது நமக்குச் சொல்லிப்போட்டா வருது?"

"எந்தப் பக்கத்தால வரும்?"

"எந்தப் பக்கத்தாலயும் வரும். நாம கிழக்கால பரண் கட்டினா மேற்கால வரும். வெடி போட்டா ஓடும். வெடி முடிஞ்சாத் திரும்பி வரும்." தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு அவரே தொடர்ந்தார்: "அதுக்கு ஒரு ராவு கெடச்சாக் காணும் சேர். நமக்கு வெட்டு முடியுமட்டும் எல்லா ராவும் முழிக்கணும்."

கெரில்லாப் போரைப் பற்றி நான் வாங்கிப் படித்த தடித்த புத்தகங்கள் பல நூறு பக்கங்களில் சுற்றிச் சுற்றிச் சொல்வது இதைத்தான். வேலியின் முழு நீளத்தையும் காப்பவன் ஒருவன். அதில் ஒரு கம்பியை மட்டும் பிடுங்க வந்தவன் இன்னொருவன். காப்பவனிடம் ஆள் கூட, வெடி கூட, லைட் கூட. ஆனாலும் விடியும்போது களைத்துக் கிடப்பவன் அவன்தான். நம் விவசாயிக்கு இது நாற்பது வருட அனுபவம். அரசாங்கங்களுக்கும் சேனாதிபதிகளுக்கும் ஒவ்வொரு தடவையும் புதிதாகவே தெரிய வருகிறது.

கெரில்லா என்ற சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் சின்னப் போர் என்று பொருள். 1808 இல் நெப்போலியனின் படை ஸ்பெயினுக்குள் புகுந்தபோது அந்நாட்டுக் குடியானவர்கள் மலைக்கணவாய்களில் பதுங்கியிருந்து பிரெஞ்சுக்காரரின் தபாலையும் உணவு வண்டிகளையும் அடித்தார்கள்; சொல் உலகம் முழுக்கப் பரவியது அப்போதுதான். சொல் புதிது, செயல் பழையது. ஸ்பெயினுக்கு நாலைந்து வருடம் முந்தியே நம் மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டுப் போன ஓர் ஆங்கிலேயக் கப்டன் அதை நேரில் கண்டு, உயிரோடு திரும்பி, புத்தகமும் எழுதினார். இந்த இதழில் கடலுக்கு முதுகைக் காட்டி, அவர் பின்னால் மேற்கே நடக்கப் போகிறோம்.

அவர் பெயர் ஆதர் ஜோன்ஸ்டன், 19 ஆவது படைப்பிரிவு. 1804 செப்ரெம்பரில் ஏறத்தாழ 300 படையினருடன் மட்டக்களப்பிலிருந்து கண்டியை நோக்கிக் கிளம்பினார். கரையோரத்தின் பல கோட்டைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் படைகள் கிளம்பிக் கண்டியில் சந்திக்க வேண்டும் என்பது திட்டம். பிறகு கொழும்பில் திட்டம் கைவிடப்பட்டது. கைவிட்ட செய்தி ஜோன்ஸ்டனுக்குத் தெளிவாகப் போய்ச் சேரவில்லை. மற்றப் படைகள் வருகின்றன என்ற நம்பிக்கையில் அவர் காட்டையும் மலையையும் கடந்து ஒக்ரோபர் தொடக்கத்தில் கண்டிக்குள் நுழைந்தபோது நகரம் வெறிச்சென்று கிடந்தது. வேறு எந்தப் படையும் வரவில்லை.

அவரைப் போகும்போது பெரிதாக யாரும் மறிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மறிக்காமல் விட்டது பயத்தினால் என்று முந்திய வருடம் போனவர்களும் நினைத்தார்கள். 1803 இல் பிரித்தானியர் இப்படித்தான் கண்டியைப் 'பிடித்து', முத்துசாமி என்ற நாயக்க இளவரசரைச் சிம்மாசனத்தில் இருத்திவிட்டு, மேஜர் டேவியின் கீழ் ஒரு படையை அங்கே விட்டு வந்தார்கள். மழையும் காட்டுக் காய்ச்சலும் அந்தப் படையைப் பாதியாக்கின. சரணடைந்து வெளியேறியவர்களை வழியில் பெருகி ஓடிய மகாவலி மறித்தது. கடக்க ஓடம் இல்லை. வட்டப்புலுவையில், 1803 ஜூன் 26 அன்று, ஏறக்குறைய எல்லாருமே கொல்லப்பட்டார்கள். டேவி கைதியாகவே இருந்து செத்தார். உள்ளே விட்டு, பசிக்க வைத்து, காய்ச்சலுக்குக் கொடுத்து, திரும்பும்போது அடிப்பது கண்டிக்குப் பழகிய வித்தை. போர்த்துக்கேயரான பறங்கியருக்கும் அதே கதிதான். 1630 இல் ஊவாவின் ரந்தெனிவலவில் அவர்களுடைய கப்டன்-ஜெனரல் கொன்ஸ்தாந்தினு த சா தன் படையோடு அழிந்ததும் இப்படி உள்ளே போய்த் திரும்பும்போதுதான்.

ஜோன்ஸ்டன் புத்திசாலி. காத்திருந்தால் டேவியின் கதிதான் என்று கண்டு, வந்த வழியே திரும்பாமல் திருகோணமலைப் பக்கம் இறங்கினார். அந்தத் திரும்பு பயணம்தான் பாடம். பாதைக்குக் குறுக்கே மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அவற்றை அகற்ற நின்ற ஒவ்வொரு இடத்திலும் புதருக்குள்ளிருந்து சூடு. சுட்டது யார் என்று பார்க்கக் கண்ணுக்கு ஆள் இல்லை. முன்வரிசைச் சிப்பாய்களை அவர்கள் அதிகம் தொடவில்லை. இலக்கு, சுமைகூலிகள்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 300 படையினருக்கு அரிசியும் வெடிமருந்தும் தூக்க 500 க்கு மேற்பட்ட கூலிகள் போனார்கள். ஒரு துவக்குக்காரனை நடமாட வைக்க ஏறக்குறைய இரண்டு முதுகு. காயப்பட்டவனைத் தூக்க இன்னும் ஆள். கூலி செத்தாலோ சுமையைப் போட்டுவிட்டு ஓடினாலோ, மறுநாள் சிப்பாய்க்குச் சோறு இல்லை. சுட மருந்தும் இல்லை. சிப்பாயைச் சுட்டால் ஒரு சிப்பாய் குறைவான். கூலியைச் சுட்டால் படையே குறையும். 1810 இல் இலண்டனில் அச்சான ஜோன்ஸ்டனின் புத்தகத்தில் கூலிகளுக்கு எண்ணிக்கை உண்டு. பெயர் இல்லை.

எதிர்ப்பக்கம் எப்படிச் சாப்பிட்டது? இதையும் ஜோன்ஸ்டனே வியப்போடு குறித்திருக்கிறார். கண்டிப் படைவீரன் என்பவன் தன் வயலில் நின்றவன். அரச நிலத்தை உண்பதற்குக் கைம்மாறாக முறைவைத்துப் போருக்கு வருகிறான். வரும்போது பதினைந்து நாளுக்குப் போதுமான அரிசியைத் தானே கட்டிக்கொண்டு வருகிறான். சின்னதாக ஒரு சமையல் பாத்திரம், கொஞ்சம் தேங்காய். கையில் ஒரு தாளிப்பனை ஓலை. பகலில் அது குடை. இரவில் சிலபேர் தங்கள் ஓலைகளை நட்டு நிறுத்திச் சேர்த்தால் அதுவே கூடாரம். பதினாறாம் நாள் அவன் வீடு திரும்புவான்; அதே ஊரிலிருந்து அடுத்தவன் தன் அரிசியோடு வந்து நிற்பான். சம்பளம் இல்லை, களஞ்சியம் இல்லை, வண்டி இல்லை, கூலி இல்லை.

கையில் வைத்திருந்த ஆயுதமும் அப்படித்தான். பெரிய பீரங்கியை இழுக்கப் பாதை வேண்டும். இவர்களிடம் இருந்தது மரக்கால்களின் மேல் பொருத்திய சின்னக் குழல். ஓராள் தூக்கிக்கொண்டு ஓடலாம். பார்வைக்குக் காலை மடக்கி உட்கார்ந்த வெட்டுக்கிளி போல இருக்கும் என்பதால் ஆங்கிலேயர் அதற்கு வெட்டுக்கிளி என்றே பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் கொடித்துவக்கு. அந்தத் 'துவக்கு' நம் வாயிலும் இன்றுவரை அதே சொல்தான்.

ஆக, அந்தத் தேநீர்க் கடைக் கேள்விக்கு என் பதில் இது: இந்த வகைப் போரில் வீரத்தை அளப்பது வீண் வேலை. இரண்டு பக்கமும் வீரர்கள் இருந்தார்கள், கோழைகளும் இருந்தார்கள். அரிசி எங்கிருந்து வருகிறது, யார் முதுகில் வருகிறது, எந்தப் பாதையால் வருகிறது என்று பாருங்கள். போர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

பாதையை வைத்தே கண்டி மன்னர்கள் அரசாண்டார்கள். அகலமான தெரு போட அவர்கள் விரும்பவில்லை. காடு வளர்ந்து கிடக்கட்டும், ஒற்றையடிப் பாதையில் முட்கதவு போட்டால் போதும் என்பது அவர்களுடைய கோட்டைக் கலை. ஆனால் முட்கதவுக்குள்ளே இருந்தவர்களுக்கு ஒரு பொருள் இல்லாமல் முடியாது. உப்பு. 1766 இன் உடன்படிக்கையில் ஒல்லாந்தர் தீவின் கரை முழுவதையும் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு கண்டி நாடு கடலைப் பார்க்காத நாடாகிவிட்டது. உப்பும் கருவாடும் கரையிலிருந்து ஏற வேண்டும். பாக்கும் தேனும் மெழுகும் அங்கிருந்து இறங்க வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்தைச் செய்தவர்கள்தாம் தவளக்காரர். பொதிமாடுகளின் முதுகில் இரண்டு பக்கமும் மூட்டை தொங்க, வரிசையாகக் காட்டுப் பாதையில் போகும் வியாபாரம். அதில் பெரும் பங்கு சோனகருடையது. பறங்கியர் விரட்டிய முஸ்லிம்களை 1626 அளவில் செனரத் மன்னன் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான், அவர்கள் 4,000 பேர் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவைரோஸ் எழுதுகிறார். நம் ஊர்களின் கதையில் அந்த வருகை ஓர் அத்தியாயம். இத்தொடரில் முன்பே எழுதியாயிற்று. இங்கே வேண்டியது இவ்வளவுதான்: கரைக்கும் மலைக்கும் இடையே நடந்து திரிந்தவர்களுக்குக் காட்டின் வழி முழுவதும் தெரியும். வழி தெரிந்தவன் சமாதான காலத்தில் வியாபாரி. போர்க் காலத்தில் அவனை இரண்டு பக்கமும் தேடும்.

1815 மார்ச் 2 இல் கண்டிப் பிரதானிகளே கையொப்பமிட்டு நாட்டைப் பிரித்தானிய முடிக்குக் கொடுத்தார்கள். ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வேலூர்ச் சிறைக்குப் போனான். போர் இல்லாமல் வந்த வெற்றி என்று கொழும்பில் மகிழ்ந்தார்கள். இரண்டரை வருடம் போகவில்லை, வெல்லஸ்ஸ எழுந்தது.

வெல்லஸ்ஸ என்றால் இலட்சம் வயல். பதுளைக்குக் கிழக்கே, நம் மாவட்டத்தின் மேற்கு எல்லையை ஒட்டிக் கிடக்கும் நாடு. அங்கே சோனகத் தவளக்காரர்கள் நிறைய இருந்தார்கள். பழைய முறையில் அவர்களும் அந்நாட்டை நிர்வகித்த திசாவையின் கீழ்தான். அவர்களுடைய வியாபாரத்திலிருந்து அவருக்கு வருமானமும் உண்டு. பிரித்தானியர் இதில் கை வைத்தார்கள். தங்களுக்கு உதவியாக இருந்த ஒரு சோனகரை அப்பகுதி முஸ்லிம்களுக்கு முகாந்திரமாக நியமித்தார்கள். ஆவணங்களில் ஹாஜி முகாந்திரம் என்று வருபவர் அவர்தான். ஒரு பதவிக் கடிதம்தான். ஆனால் திசாவைக்கு அது கௌரவக் குறைவும் வருமானக் குறைவும். ஊரவர்க்கு, நேற்றுவரை உப்பு விற்க வந்தவர் இன்று அரசாங்கத்தின் ஆள்.

1817 இன் பிற்பகுதியில் காட்டுக்குள் ஒரு புதிய ஆள் நடமாடுகிறான், தன்னை அரச வம்சம் என்கிறான் என்று பதுளைக்குச் செய்தி வந்தது. அங்கிருந்த உதவி அரசாங்க முகவர் வில்சன், அந்த ஆளைப் பிடித்துவர ஹாஜி முகாந்திரத்தை ஒரு சிறு கூட்டத்தோடு அனுப்பினார். ஹாஜி பிடிபட்டார். கொல்லப்பட்டார். என்ன ஆயிற்று என்று பார்க்கப் போன வில்சனும் அம்புபட்டு விழுந்தார். வெள்ளைக்கார அதிகாரியின் மரணத்தை எல்லாப் பாடப் புத்தகங்களும் சொல்கின்றன. அதற்கு முந்திய மரணத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன.

அந்தப் புதிய ஆளின் கதை ஒரு தமாஷ். துறவு கலைந்த ஒரு பிக்கு, வில்பாவை என்பவன். ஆனால் சொன்ன பெயர் துரைசாமி. நாயக்க அரச குலத்தான் என்று உரிமை கோரினான். சிங்களக் குடியானவர்கள் திரண்டெழ ஒரு தமிழ்ப் பெயர் தேவைப்பட்ட காலம் இந்தத் தீவில் இருந்திருக்கிறது.

கிளர்ச்சியை அடக்க ஊவாத் திசாவை கெப்பெட்டிபொலவை அனுப்பினார்கள். போனவர் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துகொண்டார். அரசாங்கம் தந்த துவக்குகளையும் மருந்தையும் மட்டும் திருப்பி அனுப்பிவிட்டாராம், உங்கள் ஆயுதத்தால் உங்களைச் சுடுவது முறையில்லை என்று. 1818 தொடக்கத்தில் ஊவா, வெல்லஸ்ஸ, பிந்தனை, வலப்பனை என்று நெருப்பு ஏறிக்கொண்டே போனது. ஆளுநர் பிரவுன்றிக் கண்டியிலேயே வந்து உட்கார்ந்தார். அவருடைய படை எங்கே போனாலும் வென்றது. போன இடத்தை விட்டு நகர்ந்த மறுநாளே அந்த இடம் மீண்டும் கிளர்ச்சிக்காரருடையது. சின்னச் சின்னக் காவல் முகாம்கள் காட்டுக்குள் தீவு தீவாகக் கிடந்தன. ஒரு முகாமிலிருந்து அடுத்ததற்குக் கடிதம் கொண்டுபோகவே ஒரு சண்டை. அந்தப் படைக்கும் அரிசி கரையிலிருந்துதான் ஏறியது.

பிறகு அவர்கள் ஆளைத் தேடுவதை விட்டுவிட்டுச் சோற்றைத் தேடினார்கள். இராணுவச் சட்டம் வந்தது. வீடுகள் கொளுத்தப்பட்டன. விளைந்த நெல் எரிந்தது. அறுத்து வைத்த நெல் பறிக்கப்பட்டது. மாடுகள் போயின, பழ மரங்கள் தறிக்கப்பட்டன. பதினைந்து நாள் அரிசியைக் கட்டிக்கொண்டு காட்டுக்கு வருபவனின் வீட்டில் ஒரு கொத்து அரிசி இல்லையென்றால், பதினாறாம் நாள் அவனுக்குப் பதிலாக யாரும் வரமாட்டார்கள். கண்டிப் போர்முறையின் பலம் எதுவோ அதன் கழுத்தையே பிடித்தார்கள். துவக்குக்கு அகப்படாத மனிதன் பட்டினிக்கு அகப்பட்டான். பட்டினியோடு காய்ச்சலும் வந்தது.

இன்னும் இரண்டு காரியம் நடந்தது. மொல்லிகொட என்ற பிரதானி கடைசிவரை ஆங்கிலேயர் பக்கம் நின்றதால் கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் பாதை மூடவேயில்லை. மறுபக்கம், 'துரைசாமி' அரச குலத்தவனே இல்லை என்று கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான மடுகல்லவே வெளிப்படுத்தினார். தலதா மாளிகையிலிருந்து எடுத்துச் சென்றிருந்த புனித தந்தமும் திரும்பவும் பிரித்தானியர் கைக்கு வந்தது. அது யார் கையிலோ அவர்க்கே நாடு என்று நம்பிய சனத்துக்கு அதற்குமேல் போர் முடிந்தது போலத்தான். 1818 ஒக்ரோபர் கடைசியில் கெப்பெட்டிபொல பிடிபட்டார். நவம்பரில் கண்டியில் மடுகல்லவோடு அவருடைய தலையும் விழுந்தது. மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கூடத்தில் வைத்தார்கள். நாடு சுதந்திரம் பெற்ற பிறகே அது திரும்பி வந்தது.

அந்தப் படையில் மருத்துவராக இருந்த ஜோன் டேவி 1821 இல் எழுதிய நூலில் ஒரு மதிப்பீடு இருக்கிறது. பிரித்தானியப் படையில் இழப்பு ஐந்தில் ஒரு பங்கு, 1,000 பேரளவில், பெரும்பாலும் நோயாலும் களைப்பாலும். உள்ளூர் மக்களில் அதைப்போலப் பத்து மடங்கு, 10,000 ஆக இருக்கலாம் என்கிறார். அதில் எத்தனை பேர் சண்டையில் நின்றவர்கள், எத்தனை பேர் நெல் எரிந்ததால் செத்தவர்கள் என்று அவர் பிரிக்கவில்லை.

இந்தப் பட்டினி வைத்தியம் ஊவாவோடு நிற்கவில்லை. தென்னாபிரிக்காவில் 1899 முதல் 1902 வரை போயர் விவசாயிகள் குதிரையில் வந்து அடித்துவிட்டு மறைந்தார்கள். பிரித்தானியர் பண்ணைகளைக் கொளுத்தி, குடும்பங்களை முகாம்களில் அடைத்தார்கள். அந்த முகாம்களில் 26,000 அளவில் பெண்களும் குழந்தைகளும் செத்தார்கள். தனி முகாம்களில் அடைக்கப்பட்ட கறுப்பின மக்களின் சாவு இந்தக் கணக்கில் சேராது. பிடிபட்ட போயர்களில் 5,000 பேரளவில் இலங்கைக்கு வந்தார்கள். பெரும்பாலோர் இருந்தது தியத்தலாவையில், அதாவது அதே ஊவாவில். தங்கள் காலுக்குக் கீழே கிடந்த மண்ணுக்கு எண்பது வருடம் முந்தி என்ன நடந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

லிபியாவின் உமர் முக்தாரை நம்மவர்க்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவரைப் பற்றிய படம் வந்த காலத்தில் வீடியோ டெக் இருந்த வீடுகளின் முற்றத்தில் பாய் விரித்துப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. குர்ஆன் ஓதிக் கொடுத்த அந்த முதியவரை இத்தாலியர் சண்டையில் வெல்ல இருபது வருடம் முயன்றார்கள். கடைசியில் லிபியாவின் கிழக்குப் பகுதியான கிரேனைக்காவின் மக்களில் இலட்சம் பேரளவில் முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். எகிப்திலிருந்து சாமான் வரும் எல்லையில் 270 கிலோமீற்றருக்குக் கம்பிவேலி போட்டார்கள். 1931 செப்ரெம்பர் 16 இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். தூக்குக் காட்சிதான் நமக்கு ஞாபகம் இருக்கிறது. போரை முடித்தது வேலி.

மலாயாவில் 1950 களில் இதே யோசனை இன்னும் நுணுக்கமாக வந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஊரவர் அரிசி கடத்துகிறார்கள் என்று, சில இடங்களில் அரிசியாகக் கொடுப்பதையே நிறுத்தி, பொதுச் சமையலறையில் சோறாக ஆக்கிக் கொடுத்தார்கள். அரிசி பல மாதம் இருக்கும். சோறு மறுநாள் ஊசிப்போகும். இதை யோசித்தவன் கட்டாயம் சமையல் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

ஹாஜி முகாந்திரத்திடம் திரும்ப வருகிறேன், அவரை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. 1818 மார்ச்சில் பிரவுன்றிக் ஒரு பிரகடனம் போட்டு, கண்டிப் பகுதிச் சோனகரைச் சிங்களத் தலைவர்களின் அதிகாரத்திலிருந்து விலக்கி நேரே அரசாங்க அதிகாரிகளின் கீழ் வைத்தார். விசுவாசத்துக்குக் கொடுத்த சன்மானம். ஆனால் அதைச் சுமந்து திரிய வேண்டியவன் யார்? நாளைக்கும் அதே காட்டுப் பாதையால், அதே ஊர்களுக்குள், அதே மாட்டை ஓட்டிக்கொண்டு போக வேண்டிய தவளக்காரன். ஒரு பதவி ஒருவருக்குக் கிடைத்தது. சந்தேகம் எல்லார் மேலும் விழுந்தது.

ஒழுங்கான போரில் சீருடை இருக்கிறது. சீருடை இல்லாத போரில் எதிரியை எதனால் அடையாளம் காண்பது? பேசுகிற மொழியால், போடுகிற தொப்பியால், போகிற பள்ளியால், கோயிலால். இதை இந்தக் கரைக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1990 ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒன்பது நாள் கழித்து ஏறாவூர். அதே ஓகஸ்டில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் வீரமுனையில், பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஊர்காவல் படையினர் மேல் அந்தப் பழி இருக்கிறது. அரசாங்கம் இடையில் இருப்பவன் கையில் ஒரு துவக்கைக் கொடுக்கிறது. காட்டில் இருப்பவன் அந்த ஒரு துவக்கைக் கண்டு ஊர் முழுவதையும் உளவாளி என்கிறான். ஹாஜி முகாந்திரத்துக்கு நடந்ததை நான் முதன்முதல் வாசித்தபோது, அதை 1817 இன் செய்தியாக என்னால் வாசிக்க முடியவில்லை.

இதனால் வெல்லஸ்ஸக் குடியானவனின் கோபம் பொய்யாகிவிடாது. அவன் நாடு பறிபோனது உண்மை. 2016 டிசெம்பரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரவுன்றிக்கின் வர்த்தமானி துரோகிகள் என்று எழுதிய 19 தலைவர்களைத் தேசிய வீரர்கள் என்று அறிவித்துக் கையெழுத்திட்டார். சரியான காரியம், இருநூறு வருடம் தாமதம். அந்தப் போரில் வீரனும் இல்லாமல் துரோகியும் இல்லாமல் நடுவில் மாடு ஓட்டிக்கொண்டு போனவனுக்கு மட்டும் எந்த வர்த்தமானியிலும் இடம் இல்லை.

கிளர்ச்சி ஓய்ந்ததும் பிரித்தானியர் செய்த முதல் பெரிய வேலை தெருப் போட்டது. எட்வர்ட் பாண்ஸ் ஆளுநராக இருந்து கொழும்பு–கண்டி வீதியைக் கடுகண்ணாவை மலையைக் குடைந்து கொண்டுபோனார். கோப்பிக்கும் தேயிலைக்கும் அது உதவியது பின்னால்தான். முதல் நோக்கம், பீரங்கி வண்டி உருண்டு போக வேண்டும், ஐந்நூறு கூலிகளை நம்பியிருக்கக் கூடாது. முட்கதவுகளின் காலம் அதோடு முடிந்தது. தவளத்தின் காலமும் கொஞ்சம் கொஞ்சமாக முடிந்தது. வண்டி வந்த இடத்தில் பொதிமாட்டுக்கு என்ன வேலை? பிறகு லொறி வந்து வண்டியையும் தின்றது.

நம் வட்டைகளுக்குப் பாயும் பட்டிப்பளை ஆற்றுத் தண்ணீர் ஊவாவின் மலைகளில் பிறந்துதான் இறங்கி வருகிறது. தண்ணீர் இறங்கும் அந்தத் திசையில்தான் ஒரு காலத்தில் உப்பு ஏறியது. ஏறிய பாதை எது, எந்த ஊரில் தங்கினார்கள், மாட்டுக்குக் கழுத்து மணி கட்டினார்களா, எந்தத் துறையில் ஆற்றைக் கடந்தார்கள் என்பதெல்லாம் ஆங்கிலேயர் எழுதியதில் கிடைக்காது. நம் வீடுகளில்தான் கிடைக்கும். உங்கள் மூத்தம்மாவோ மூத்தவாப்பாவோ தவளம், பொதிமாடு, பிபிலைப் பயணம் என்று எதையாவது வாய்தவறிச் சொல்லியிருந்தால், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, இந்தத் தொடருக்கு எழுதி அனுப்புங்கள். எழுதச் சோம்பலாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கொப்பியோடு நானே வீட்டுக்கு வருகிறேன்.